டால்மேஷியன் குட்டி எடுக்கப் போகிறோம்: காது, கல், ஓட்டம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குட்டித்தேடல்:

வணக்கம். ஏழு வாரம் ஆன டால்மேஷியன் குட்டிகளில் ஒன்றை எடுக்கப் பேசி வைத்திருக்கிறோம். ஒரே ஈத்தில் ஒன்பது குட்டிகள். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் (ஒன்பது வயது, இரண்டரை வயது). பெரியவர்களில் ஒருவர் பெரும்பாலும் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறார்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். இந்த இனத்தில் காது கேட்காத குட்டிகள் அதிகம் என்கிறார்கள். பிரீடர் எங்கள் முன்னால் கைதட்டிக் காட்டினார், ஒன்பதும் திரும்பிப் பார்த்தன. அது போதுமா? ஒரு குட்டிக்கு ஒரு கண் நீலம், அது அபூர்வம் என்று விலை கூடுதலாகச் சொல்கிறார். இன்னொன்றுக்கு ஒரு காது முழுக்கக் கறுப்பு, அது குறை என்று விலை குறைவு. இதில் எதை நம்புவது?

அடுத்து, சிறுநீரில் கல் வரும், இறைச்சியே கொடுக்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா? கடைசியாக, சுபாவம். ஒருவர் "பிடித்து வைக்க முடியாத முரட்டு நாய்" என்கிறார், இன்னொருவர் "காலைச் சுற்றிக்கொண்டே கிடக்கும்" என்கிறார். இரண்டில் எது சரி?

---

செவிக்கூர்:

காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

கைதட்டல் சோதனை எதையும் நிரூபிக்காது. மூன்று காரணங்கள். கை அசைவதைக் குட்டி கண்ணால் பார்க்கிறது. தட்டும்போது எழும் காற்றையும் தரையின் அதிர்வையும் உடம்பால் உணர்கிறது. எல்லாவற்றையும் விட, பக்கத்தில் இருக்கும் எட்டுக் குட்டிகள் திரும்பினால் கேட்காத குட்டியும் சேர்ந்து திரும்பும். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒற்றைக் காது. அமெரிக்காவில் பல ஆயிரம் டால்மேஷியன்களைச் சோதித்ததில் ஏறக்குறைய 22% நாய்களுக்கு ஒரு காதும், 8% நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. ஒரு காது கேட்கும் குட்டி கைதட்டலுக்கும் சாவிக்கொத்துச் சத்தத்துக்கும் நன்றாகவே திரும்பும். சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும். அதை வீட்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது பேயர் டெஸ்ட். தலையில் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி மின்முனைகள் வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகச் சின்ன 'கிளிக்' சத்தம் கொடுத்து, மூளைத்தண்டில் இருந்து வரும் மின் அலையைக் கணினியில் பதிவு செய்வார்கள். கேட்கும் காதுக்கு வரிசையாக மேடுபள்ளம் தெரியும், கேட்காத காதுக்குக் கோடு படுத்துக் கிடக்கும். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுபோனால் இன்னும் சுலபம். ஐந்து வாரம் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பிறவிச் செவிடு அதற்கு முன்பே முழுமையாகிவிடும் என்பதால் ஒருமுறை செய்தால் போதும். உங்கள் குட்டிகளுக்கு ஏழு வாரம் என்கிறீர்கள், இப்போதே செய்யலாம்.

ஐந்து வாரம் ஏன்? குட்டி பிறக்கும்போது காதுத் துளை மூடியிருக்கும், இரண்டாவது வாரத்தில்தான் திறக்கும். உள்காதில் ரத்த ஓட்டமுள்ள ஒரு சிறு திசு இருக்கிறது. அது உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் அங்கே வேண்டும். டால்மேஷியனை வெள்ளையாக்கும் மரபணு, உடம்பின் பல இடங்களுக்கு நிறமிச் செல்கள் போய்ச் சேராமல் தடுக்கிறது. உள்காதுக்கும் அவை போய்ச் சேரவில்லை என்றால், மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தத் திசு வாடி, ஒலியை உணரும் மயிர்ச்செல்களும் செத்துவிடும். பிறகு மருந்தாலோ அறுவையாலோ திரும்பாது.

இப்போது உங்கள் நீலக்கண்ணுக்கும் கறுப்புக் காதுக்கும் வருகிறேன். கண்ணில் நிறமி இல்லாததால்தான் கண் நீலமாக இருக்கிறது. அதாவது நிறமி தடைபடுவது அந்தக் குட்டியில் அதிகம். நீலக்கண் உள்ளவற்றில் செவிடு கூடுதலாக இருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எஃப்.சி.ஐ. (நாய் இனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு) தரவிதிப்படி, அதாவது இனத்தின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிப்படி, நீலக்கண் ஒரு தகுதியிழப்பு. அதற்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமே இல்லை. கறுப்புக் காது அப்படியே எதிர்ப்பக்கம். பிறக்கும்போதே தெரியும் பெரிய நிறத்திட்டு, நிறமி தாராளமாகப் போய்ச் சேர்ந்ததைக் காட்டுகிறது. திட்டு உள்ள குட்டிகளில் செவிடு குறைவு. அதையும் தரவிதி விலக்கிவைக்கிறது, ஆனால் அது வெறும் தோற்றக் காரணம். கண்காட்சிக்குப் போகாத வீட்டு நாய்க்குத் திட்டு ஒரு குறையே இல்லை. திட்டு இருந்தால் காது கட்டாயம் கேட்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் டெஸ்ட் உண்டு.

ஒரு காது கேட்காத குட்டி வீட்டு நாயாக முழு வாழ்க்கை வாழும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக் கூடாது. இரண்டு காதும் கேட்காத குட்டியையும் கைச்சைகை, விளக்கு, தரைத்தட்டு கொண்டு பழக்கலாம், பழக்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் வெளியே ஒருபோதும் கயிறு இல்லாமல் விட முடியாது, தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வாய்ப்புண்டு. இரண்டரை வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் முதல் நாயாக அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

---

புள்ளிக்கணக்கு:

செவிக்கூர் சொன்னது எல்லாம் சரி. கல் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில்தான் தவறான அறிவுரை அதிகம் புழங்குகிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

மற்ற நாய்களின் கல்லீரல், பியூரின் என்ற பொருள் உடைந்து உண்டாகும் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்று மாற்றிவிடும். அலன்டாயின் நீரில் நன்றாகக் கரையும், கல்லாகாது. டால்மேஷியனிடமும் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி இருக்கிறது. இல்லாதது வாசல். யூரிக் அமிலத்தைக் கல்லீரல் செல்லுக்குள் ஏற்றிவிடும் கடத்திப் புரதத்தின் மரபணுவில் (எஸ்.எல்.சி.2.ஏ.9) ஒரு பிழை. அதே கடத்தி சிறுநீரகத்திலும் வேலை செய்யாததால், யூரிக் அமிலம் ரத்தத்துக்குத் திரும்பாமல் நேராகச் சிறுநீரில் இறங்கிவிடுகிறது. மற்ற நாய் ஒரு நாளில் 10 முதல் 60 மில்லிகிராம் வெளியேற்றும் இடத்தில் டால்மேஷியன் 400 முதல் 600 மில்லிகிராம் வெளியேற்றுகிறது. கலப்பில்லாத பழைய வம்சாவளி டால்மேஷியன் அத்தனைக்கும் இந்தப் பிழை இரண்டு பிரதியாக இருக்கிறது. "எங்கள் வம்சத்தில் அந்தப் பிரச்சினை இல்லை" என்று பிரீடர் சொன்னால், கல் அடைத்த நாயை அவர் பார்த்ததில்லை என்றுதான் பொருள்.

யூரிக் அமிலம் அதிகம் என்றால் கட்டாயம் கல் வரும் என்று இல்லை. பெரும்பாலான டால்மேஷியன்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தொல்லை வருவதே இல்லை. வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண். பெண் நாயின் சிறுநீர்ப்பாதை குட்டை, அகலம். மணல் போன்றவை தாமாக வெளியேறிவிடும். ஆண் நாயின் பாதை ஆண்குறி எலும்பின் பள்ளத்துக்குள் நுழைந்து போகிறது. எலும்பு விரியாது. அந்த எலும்புக்குப் பின்பக்கம்தான் கல் மாட்டும்.

தண்ணீர்தான் முதல் மருந்து. உணவெல்லாம் அதற்குப் பிறகு. எடைக்கு ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்று கணக்கு வையுங்கள். 27 கிலோ நாய்க்கு உணவில் உள்ள நீரையும் சேர்த்து ஒன்றரை லிட்டர் சுமார். கிண்ணத்தில் வைத்துவிட்டுக் குடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம், உணவோடு உள்ளே அனுப்புங்கள். உலர்தீனி ஒரு கப் என்றால் தண்ணீர் ஒன்று முதல் இரண்டு கப் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். ஒரே வேளையாக இல்லாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். சேர்ந்த சிறுநீர் வெளியே போக வழி வேண்டும். பகலில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கப் போவதற்கு முன்னால் கண்டிப்பாக ஒருமுறை வெளியே விடுங்கள். வீட்டுக்குள் போகக் கூடாது என்று நன்றாகப் பழகிய நாய் பத்து மணி நேரம் அடக்கிவைக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில்தான் படிகம் கட்டுகிறது.

"இறைச்சியே கூடாது" என்பது தவறு. குறைக்க வேண்டியது பியூரின், புரதம் அல்ல. ஈரல், சிறுநீரகம், இதயம், மண்ணீரல், மூளை போன்ற உள்ளுறுப்புகள் எதுவும் வேண்டாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வேண்டாம். ஈஸ்ட் மாத்திரையும் ஈஸ்ட் சேர்த்த பிஸ்கட்டும் வேண்டாம். தோலுக்கு நல்லது என்று அதைப் பலர் கொடுக்கிறார்கள், டால்மேஷியனுக்கு அது நேர் எதிர். முட்டை, பால்பொருட்கள் இரண்டிலும் பியூரின் மிகக் குறைவு, புரதத்துக்கு அவைதான் நல்ல வழி. தானியம், பெரும்பாலான காய்கள் பிரச்சினை இல்லை. கோழி போன்ற சதை இறைச்சி நடுத்தரம். அளவாக, வேகவைத்து, வெந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுக்கலாம். பியூரினில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் அந்தச் சாற்றைச் சோற்றில் பிசைந்து வைக்காதீர்கள்.

வளரும் குட்டிக்குக் கல் பயத்தில் புரதத்தை வெட்டாதீர்கள். எலும்பும் தசையும் கட்டும் வயது. உள்ளுறுப்பு முதல் சில பொருட்களில் இல்லாத நல்ல குட்டித்தீனி போதும். கல் கரைக்கும் மருத்துவத்தீனி என்று விற்பது கல் வந்த நாய்க்கு மருத்துவர் எழுதித் தருவது. முன்னெச்சரிக்கையாகக் குட்டிக்கு ஊட்டுவது அல்ல.

கண்காணிப்பு இப்படி. காலை முதல் சிறுநீரைச் சுத்தமான கரண்டியில் பிடியுங்கள். வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், அடர்மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. அடர்த்தி எண் 1.020க்குக் கீழே இருப்பது நல்லது. காகிதப் பட்டையில் அடர்த்தி பார்க்காதீர்கள், நாய்க்கு அது சரியாகக் காட்டாது. ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், மருத்துவரிடம் இருக்கும். பி.எச். 7 முதல் 7.5. அதற்குக் கீழே யூரேட் (யூரிக் அமில உப்பு) கட்டும், 7.5க்கு மேலே தள்ளினால் வேறு வகைக் கல் கட்டும். அதனால் சோடா உப்பை நீங்களாகவே கொடுத்துக் காரமாக்கப் பார்க்க வேண்டாம். நுண்ணோக்கியில் பார்க்கும் மாதிரி அரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஆறினால், குளிர்ந்தால் இல்லாத படிகமும் தோன்றும். டால்மேஷியன் சிறுநீரில் கொஞ்சம் யூரேட் படிகம் தெரிவது சாதாரணம். அதை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது தவறு.

ஆபத்து அடையாளம்: காலைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கும், சொட்டுச் சொட்டாக வரும், இரண்டடி நடந்து மறுபடி தூக்கும். ரத்தம் கலந்து வரலாம். குறி நுனியை நக்கிக்கொண்டே இருக்கும். கொஞ்சம்கூட வரவில்லை, வயிறு இறுகியிருக்கிறது, வாந்தி என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "இது டால்மேஷியன், யூரேட் கல்லாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். காரணம், யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட நாய்கள் உண்டு. அல்ட்ராசவுண்ட் அல்லது சாயம் செலுத்தி எடுக்கும் படம் வேண்டும். மாட்டிய கல்லை வடிகுழாய் வழியாக உப்புநீர் பீய்ச்சிச் சிறுநீர்ப்பைக்குள் பின்தள்ள முடியும். அது முடியாவிட்டால்தான் கத்தி.

அலோபுரினால் மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை. அது யூரிக் அமிலம் உண்டாவதைத் தடுக்கிறது. ஆனால் தடுக்கப்பட்ட இடத்தில் சாந்தின் என்ற பொருள் தேங்கும். பியூரின் குறையாத உணவோடு இந்த மாத்திரையையும் கொடுத்தால் யூரேட் கல்லுக்குப் பதில் சாந்தின் கல் வரும். அதைக் கரைக்க மருந்து கிடையாது. கல் வராத நாய்க்கு முன்கூட்டியே கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, கேட்டுப் பாருங்கள்: எல்.யூ.ஏ. டால்மேஷியன், அதாவது யூரிக் அமிலம் குறைவான (லோ யூரிக் ஆசிட்) டால்மேஷியன். 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு டால்மேஷியனை ஒரே ஒரு முறை இங்கிலிஷ் பாயின்டரோடு இணைத்தார். பிறந்தவற்றில் நல்ல மரபணு உள்ளவற்றைத் திரும்பத் திரும்ப டால்மேஷியனோடு மட்டும் சேர்த்து வந்தார்கள். 1981இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவு செய்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டது. 2011இல்தான் மறுபடி கதவு திறந்தது. பிழையான பிரதி இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அதனால் ஒரு நல்ல பிரதி இருந்தாலே சிறுநீர் மற்ற நாய்களைப் போல இருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சு தேய்த்து எடுக்கும் மரபணுச் சோதனை போதும். முப்பது ஆண்டு வீணாக்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம். நினைத்தால் இந்த இனத்திலிருந்தே இந்த நோயை எடுத்துவிட முடியும். காதுப் பிரச்சினைக்கு எல்.யூ.ஏ. விடை அல்ல. பேயர் டெஸ்ட் அதற்கும் வேண்டும்.

---

தடம்:

சுபாவத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சொன்னது ஒரே நாயைத்தான். எந்த வேலைக்காக வளர்த்தார்கள் என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

பெயர் அட்ரியாட்டிக் கடலோர டால்மேஷியாவில் இருந்து வந்தது. இனத்தின் தாய்நாடு குரோவேஷியா என்று எஃப்.சி.ஐ. ஏற்றிருக்கிறது, தரவிதி எண் 153. லோஷின் தீவில் வேலி லோஷின் ஊர்த் தேவாலயத்தின் பீடத்தில் 1600க்கும் 1630க்கும் இடையில் வரைந்த ஓவியத்தில் புள்ளிநாய் இருக்கிறது. 1719இல் ஆயர் பீட்டர் பாகிச்சின் குறிப்பில் இந்த நாயின் விவரம் 'கானிஸ் டால்மாட்டிகஸ்' என்ற பெயரோடு வருகிறது. ஆனால் இன்று நாம் பார்க்கும் நாயை உருவாக்கியது இங்கிலாந்தின் குதிரை வண்டிகள். 1882இல் வீரோ ஷா எழுதிய விவரணை, 1890இல் டால்மேஷியன் கிளப் தொடங்கியபோது அதிகாரபூர்வத் தரவிதியானது.

வண்டிக்குப் பக்கத்திலோ, அச்சுக்கு அடியில் குதிரையின் பின்னங்காலை ஒட்டியோ மைல் கணக்காக ஓடுவது பகல் வேலை. தெருநாய்கள் குதிரையை மிரட்டாமல் விரட்டும். இரவில் லாயத்தில் குதிரையோடு படுத்து வண்டியையும் சாமானையும் காக்கும். அமெரிக்காவில் குதிரை இழுத்த தீயணைப்பு வண்டிகளுக்கு முன்னால் ஓடி வழிவிடச் செய்ததும் இதே வேலையின் நீட்சிதான். மோட்டார் வந்த பிறகு வேலை போனது, நாய் மட்டும் தீயணைப்பு நிலையங்களில் சின்னமாக நின்றுவிட்டது. டால்மேஷியன் கிளப் ஆஃப் அமெரிக்கா இன்றும் சாலைச் சோதனை நடத்துகிறது. குதிரையில் போகும் ஆளோடு கயிறு இல்லாமல் 12.5 மைல் ஓடினால் ஒரு பட்டம், 25 மைலுக்கு அதற்கு மேல் ஒன்று. கிலோமீட்டரில் 20, 40.

ஆக, மூச்சு நீளம், நடை சீர், களைப்பு லேசில் வராது. இது "பிடித்து வைக்க முடியாதது". தன் கூட்டத்தைவிட்டுப் பிரியாமல் ஓடப் பழக்கப்பட்டது, இது "காலைச் சுற்றிக்கொண்டு கிடப்பது". அந்நியரைப் பார்த்தால் குரைத்து நின்று கவனிக்கும், தேவையில்லாமல் பாயாது. இது லாயக் காவல். கட்டிப்போட்டு வைத்தால், பின்கட்டில் தனியாக விட்டால், இந்த மூன்றும் கெட்டுப்போகும். குழி தோண்டும், கதவைக் கடிக்கும், ஓயாமல் குரைக்கும். 1996இல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்துக்குப் பிறகு புள்ளியைப் பார்த்து வாங்கியவர்கள், ஒரு வயது ஆனதும் கொண்டுபோய்க் காப்பகங்களில் விட்டது இதனால்தான்.

மூளை இல்லாத நாய் என்பது பொய். எதையும் மறக்காத நாய் என்பதுதான் சரி. இரண்டாவது மாதத்தில் ஒருவர் அதட்டி அடித்ததை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும். கையைத் தூக்கினாலே பதுங்கும், இல்லாவிட்டால் உறுமும். ஆகவே சின்னத் துண்டுத் தீனி, மூன்று முதல் ஐந்து நிமிடப் பயிற்சி, ஒரு நாளைக்கு நாலைந்து முறை. திரும்பத் திரும்ப ஒரே கட்டளையைப் பத்துத் தடவை சொன்னால் ஆறாவது தடவையோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எட்டாம் மாதம் தொடங்கி இரண்டு வயது வரை கற்றதெல்லாம் மறந்துவிட்டதுபோல் நடக்கும். அந்த நாட்களில் நீளக்கயிறு இல்லாமல் திறந்த வெளியில் விடாதீர்கள்.

ஓட்டக் கணக்கு. எலும்பு முனைகள் மூட நேரம் வேண்டும். 15 முதல் 18 மாதம் வரை சைக்கிளோடு ஓட்டுவது, உயரத்தில் இருந்து குதிக்க வைப்பது, படி ஏறி இறங்கும் விளையாட்டு வேண்டாம். புல்வெளியில் தானாக ஓடித் தானாகப் படுப்பது எவ்வளவு வேண்டுமானாலும் சரி. வளர்ந்த பிறகு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், இரண்டு தடவையாக. அதில் கொஞ்சமாவது துரித நடையோ ஓட்டமோ இருக்க வேண்டும். சைக்கிள் என்றால் 2 கிலோமீட்டரில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். நாய் துள்ளிப் பாயாமல் சீராகத் தட்டித் தட்டி ஓடும் வேகம்தான் அதன் வேகம். திரும்பி வந்ததும் நான்கு பாதத்தையும் தூக்கிப் பாருங்கள். திண்டு தேய்ந்து இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டு நாள் ஓய்வு. தார் மேல் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயை அதன்மேல் நடத்தாதீர்கள்.

வெள்ளை மயிருக்கு அடியில் இருப்பது இளஞ்சிவப்புத் தோல். மூக்கு மேல்பக்கம், காது நுனி, அடிவயிறு வெயிலில் வெந்துபோகும். மயிர் உதிர்வதற்குப் பருவமே இல்லை, வருடம் முழுக்க உதிரும். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் விறைப்பான முடி, ஊசி மாதிரி துணிக்குள் நூலோடு பின்னிக்கொள்ளும். வாரம் இரண்டு மூன்று முறை ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தால் பாதியாகக் குறையும். முழுக்க நிற்காது, அதற்குத் தயாராக இல்லாதவர்கள் இந்த இனத்தை எடுக்க வேண்டாம்.

---

குட்டித்தேடல்:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. பிரீடரிடம் பேசினோம், எங்கள் செலவில் பேயர் டெஸ்ட்டுக்கு ஒப்புக்கொண்டார். காது கறுத்த குட்டி (ஆண்), பழுப்புப் புள்ளிக் குட்டி (பெண்), இரண்டில் ஒன்று என்று இருக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். பெண்ணுக்குப் புள்ளி மிகக் குறைவாக இருக்கிறது, கூடுமா? அதோடு, தாய் நாய் எங்களைப் பார்த்ததும் மேலுதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. பிரீடர் சிரிக்கிறது என்கிறார். சின்னப் பிள்ளை இருக்கும் வீடு, கொஞ்சம் பயமாக இருக்கிறது.

---

புள்ளிக்கணக்கு:

புள்ளி கூடும். திட்டு இல்லாத குட்டிகள் பிறக்கும்போது தூய வெள்ளைதான், 10 முதல் 14 நாளில் புள்ளி தலைகாட்டத் தொடங்கும், ஒரு வயதுக்கு மேலும் புதிதாக வந்துகொண்டிருக்கும். ஏழு வாரக் குட்டியை நனைத்துப் பாருங்கள், வெள்ளை மயிருக்கு அடியில் தோலில் சாம்பல் நிழலாகத் தெரிபவை பின்னால் புள்ளியாகலாம். பழுப்புப் புள்ளிக்கு மூக்கும் பழுப்பாகத்தான் இருக்கும், அது குறையல்ல. ஆணா பெண்ணா என்றால், எல்.யூ.ஏ. இல்லாத ஈத்தில் கல்லை மட்டும் வைத்துச் சொன்னால் பெண் பாதுகாப்பு. ஆணை எடுத்தால் தண்ணீர்க் கணக்கில் ஒருநாளும் சோம்பல் கூடாது.

---

தடம்:

பிரீடர் சொன்னது நடக்கக் கூடியதே. இந்த இனத்தில் சில வம்சங்கள் வரவேற்கும்போது முன்பற்கள் தெரிய உதட்டைச் சுருட்டும். ஆனால் பல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உடம்பைப் பாருங்கள். சிரிப்பு என்றால் முதுகு பாம்பு மாதிரி நெளியும், காது பின்னால் படியும், கண் சுருங்கும், வால் தாழ்வாக வேகமாக ஆடும், இடையிடையே தும்மும். மிரட்டல் என்றால் உடம்பு கட்டை மாதிரி விறைக்கும், கண் இமைக்காமல் பார்க்கும், வாய் மூலை முன்னால் இழுபடும், தொண்டையில் உறுமல் இருக்கும். நீங்கள் போகும்போது தாய் நெளிந்துகொண்டு கிட்டே வந்ததா, நின்ற இடத்தில் விறைத்ததா? இரண்டாவது என்றால் அந்த ஈத்தை விட்டுவிடுங்கள். தாயின் பயம் குட்டிக்கும் போகும். வீட்டுக்கு வரும் வெளியாட்களிடமும் இந்தச் சிரிப்பைப் பற்றி முன்பே சொல்லிவையுங்கள், பல்லைப் பார்த்து அலறினால் நாயும் பயந்துவிடும்.

இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பல்லைவிட வால்தான் உடனடித் தொல்லை. வளர்ந்த நாயின் வால் சரியாகப் பிள்ளையின் முகத்துக்கு வரும், சவுக்கு மாதிரி அடிக்கும். மகிழ்ச்சியில் ஓடிவரும் 25 கிலோ உடம்பு மோதினால் பிள்ளை விழும். அறை வாசலில் தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். பெரியவர் ஒருவர் கண் பார்வையில் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளை கிட்டே போகாது என்பது முதல் நாளில் இருந்தே வீட்டு விதி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தீனி கொடுத்து உட்காரப் பழக்கும் வேலையைக் கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளோடு இந்த நாய் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

தனியாக இருக்கப் பழக்குவதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போட்டால், ஒருநாள் எல்லோரும் வெளியே போகும்போது கதவு போய்விடும். இரண்டு நிமிடம் வேறு அறை, அழாமல் இருக்கும்போதே திரும்பி வருதல். பிறகு ஐந்து, பத்து, அரை மணி.

---

செவிக்கூர்:

டெஸ்ட்டுக்குப் போகும்போது ஒரு விஷயம். ஒன்பது குட்டிக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் எடுக்காத குட்டிகள் போகும் வீடுகளுக்கும் அது தெரிய வேண்டும். அறிக்கையில் இடது காது, வலது காது என்று தனித்தனி அலைப்படமும், குட்டியின் மைக்ரோசிப் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். சிப் போடாத குட்டிக்குக் கொடுக்கும் அறிக்கை எந்தக் குட்டிக்கும் பொருந்தும், அதனால் சிப்பை முதலில் போடச் சொல்லுங்கள். தாய், தந்தை இரண்டின் அறிக்கையையும் கேளுங்கள். இரண்டுக்கும் இரு காதும் கேட்டாலும் செவிட்டுக் குட்டி பிறக்கலாம், ஆனால் பெற்றதில் ஒன்றுக்கு ஒற்றைக் காது என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். அறிக்கையே இல்லை என்று பிரீடர் சொன்னால், அவர் இதுவரை கைதட்டித்தான் விற்றிருக்கிறார். அடுத்த ஈத்துக்கு முன்னால் அந்த இரண்டு நாய்களுக்கும் டெஸ்ட் செய்யச் சொல்லிவிட்டு வாருங்கள்.